தூங்க மறுத்த கம்ப்யூட்டர்

சுந்தரி வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தூக்கம் என்பதே கிடையாது. பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் மானிட்டர் இருண்டு, பக்கத்துப் பெட்டியும் அடங்கிப்போக வேண்டும். வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கும் வேலைக்காக, பெங்களூர் கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் செட் பண்ணி அனுப்பியிருந்தார்கள். ஆனால் அது கைக்குழந்தைக்காரியைப் பழிவாங்க வந்த பிள்ளை மாதிரி, கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டே இருந்தது.

சுவிட்சை அணைத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மானிட்டரின் பொத்தான் வரும்போதே உள்ளே அமுங்கிப்போய்த்தான் வந்தது. மொத்தமாக அணைத்தாலோ, மறுபடி அதற்கு உயிர் வருவதற்குள் ஒரு படி அரிசி வெந்துவிடும். சுந்தரியோ குழாயில் தண்ணீர் வரும் நேரம், அடுப்பு நேரம் எல்லாம் போக, நடுவில் கிடைக்கும் கால் மணி, அரை மணியில் டைப் அடிக்கிறவள். அணைத்து அணைத்துப் போட்டால் வேலை ஓடாது.

அந்த வேலை அவளுக்கு விளையாட்டு இல்லை. அவள் புருஷன் முனிரத்தினம் மைன்ஸ் மில்லில் மெஷின்களைப் பழுதுபார்க்கிற பிட்டர். மாவரைக்கிற மில் அல்ல, தங்கச் சுரங்கத்திலிருந்து வருகிற பாறையைப் பொடியாக்குகிற மில். இவர்கள் குடியிருந்த லைன் வீட்டு வரிசைக்குப் பின்னாலேயே, ஒரு கூப்பிடு தூரத்தில், ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. இன்று மூடுகிறார்கள், நாளை மூடுகிறார்கள் என்று சாம்பியன் ரீப்ஸ் ஊர் முழுக்க இதே பேச்சுதான். மில் நின்றால் வீட்டில் உலை கொதிக்க அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் கதி என்று இரண்டு பேருமே நம்பியிருந்தார்கள்.

முதலில் வந்த மானிட்டர் ஓய்வே இல்லாமல் எரிந்து மூன்றாம் மாதமே புகைந்துபோனது. இரண்டாவதும் மத்தியானமானால் தோசைக்கல்லாகக் காய்ந்தது. கம்பெனியில் இந்த விவகாரத்தையெல்லாம் பார்க்கிறவர் சுதர்சன் என்பவர். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இதுவும் போச்சுன்னா மெஷினை எடுத்துட்டு வேற யாருக்காவது குடுத்துடுவோம் மேடம்."

சுந்தரி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவரிடம் மன்றாடினாள்.

"நோடி மேடம், இங்க பாருங்க, மவுஸ் ஒரு நூல் நகர்ந்தாலும் மெஷின் தூங்காது. மேஜை கீஜை ஆடுதா?"

"இன்னா சார் நீங்க! இங்க ஒண்ணும் ஆடல. இரும்பு மேஜை சார். மைன்ஸ் ஆபீஸ் ஏலத்துல எடுத்தது. யானை ஏறி நின்னாலும் அசையாது."

அவள் பொய் சொல்லவில்லை. நெஞ்சில் கைவைத்துச் சொன்ன பதில்தான். வீட்டுக்கு வந்தவள், காலையில் நேராக்கிய முருகன் படம் மறுபடி ஒருபக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்து, வழக்கம்போல ஒரு விரலால் நிமிர்த்தினாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுகிணுக்காமல் இருக்க அலமாரியில் போட்டிருந்த மடித்த துணியைச் சரிசெய்தாள். அந்த லைனில் எல்லா வீட்டிலும் படம் சாயும், எல்லா அலமாரியிலும் துணி இருக்கும். அதற்காக யாராவது ஏதாவது ஆடுகிறது என்று சொல்வார்களா?

வாரலீவில் முனிரத்தினம் கம்ப்யூட்டரைப் போர்வையில் மூட்டை கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினான். பெங்களூரில் அதை மாட்டி வைத்த பத்தாவது நிமிடம், பால் குடித்த குழந்தை மாதிரி தூங்கிவிட்டது. மூன்று தடவை எழுப்பினார்கள், மூன்று தடவையும் சமர்த்தாகத் தூங்கியது. சுதர்சன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். உங்க வீட்ல யாரோ நோண்டுறாங்க."

அவமானத்தோடு திரும்பி வந்து மாட்டினால், பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் விழிப்பு. முனிரத்தினத்துக்கும் மனசுக்குள் புழு நெளிந்தது.

"ஏம்மே, நான் ஷிப்டுக்குப் போனப்பறம் நீ அதுல சீட்டு ஆடறியா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டான். சுந்தரி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே பதில் சொன்னாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணி இருக்கும். முனிரத்தினம் வேலைக்குப் போயிருந்தான். சுந்தரி அடுப்படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரமாகவே காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. விரலை விட்டுக் குடைந்து பார்த்தாள். சளி பிடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டே முன்னறைக்கு வந்தாள்.

மானிட்டர் இருண்டிருந்தது. பெட்டியில் மூச்சுச் சத்தம் இல்லை. கரண்ட் போய்விட்டதா என்று பார்த்தாள், மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"தூங்கிடுச்சு!"

வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லை. முருகா, நீ நல்லா இருப்பே என்று சாமிக்கே ஆசீர்வாதம் பண்ணினாள். நடந்தால் முழித்துக்கொள்ளுமோ என்று பயந்து நுனிக்காலில் பின்வாங்கினாள். அப்போதுதான் வெளியே ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறக்கிற சத்தம் கேட்டது.

லைன் முழுக்கத் தெருவில் நின்றிருந்தது. எதிர்வீட்டு ஏனோக், முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறி ரிட்டயர் ஆனவர், சட்டைகூடப் போடாமல் மில் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனோக்கண்ணா, இன்னா ஆச்சு?"

"மில்லு நின்னுபோச்சும்மா."

சுந்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. காது அடைக்கவில்லை, சத்தம்தான் நின்றிருக்கிறது. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்ததால், கேட்கிறோம் என்றே தெரியாத சத்தம். "மூடிட்டாங்களா? சொல்லாமகூட மூடுவாங்களா?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள். இரண்டு பேர் மில் கேட்டுக்கு ஓடினார்கள்.

சுந்தரி உள்ளே வந்தாள். முருகன் படம் நேராக இருந்தது. பீன்ஸ் நறுக்க உட்காரும் முன்னால் நிமிர்த்தியது நிமிர்த்தியபடியே இருந்தது. மெல்ல மேஜைமேல் உள்ளங்கையை வைத்தாள். செத்த இரும்பு மாதிரி சும்மா கிடந்தது. அப்படியானால் இத்தனை நாளும் இந்த மேஜை ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது! மில் பூமியை ஆட்ட, பூமி மேஜையை ஆட்ட, மேஜை மவுஸை ஆட்ட, இது எங்கே தூங்கும்?

கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ள வேண்டிய நேரம். அவளுக்கோ அழுகை முட்டியது. தூங்கணும் தூங்கணும் என்று வேண்டிக்கொண்ட வாயாலேயே, ஐயோ எழுந்திரு, எழுந்திரு என்று அந்தக் கறுப்புத் திரையைக் கெஞ்சினாள். மேஜையிலிருந்து கையை மட்டும் எடுக்கவே இல்லை.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் உள்ளங்கையில்தான் தெரிந்தது, லேசாக ஒரு கூச்சம். அடுத்து பெட்டி 'ம்ம்' என்று முனகியது. மானிட்டர் பளிச்சென்று எரிந்தது. யாரும் தொடாமல், தானாக.

தெருவுக்கு ஓடினாள். "ஏனோக்கண்ணா, ஓடுது! மில்லு ஓடுது!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேம்மா."

"கேக்கும் பாருங்க!"

ஏனோக் சுவரில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு தலையாட்டினார். "கர்த்தரே" என்று சொல்லி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். லைன் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. இரண்டு பெண்கள் சிரித்தார்கள், அதிலே ஒருத்திக்குக் கண்ணில் தண்ணீர். ஐந்தே நிமிடத்தில், யார் குடத்தை யார் தள்ளி வைத்தது என்று குழாயடியில் சண்டை தொடங்கிவிட்டது. அந்தச் சண்டைகூடக் கேட்க இனிமையாக இருந்தது.

ஷிப்ட் முடிந்து முனிரத்தினம் கிரீஸ் கையோடு வந்தான். "மில்லு உள்தகட்டைப் பிடிக்கிற லைனர் போல்ட் ஒண்ணு அறுந்துபோச்சு, நிறுத்தி மாத்தினோம். அதுக்கா ஊரே ரோட்டுல நின்னீங்க?" என்று சிரித்தான். சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

சுந்தரி அவன் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். பிட்டர் மூளை, உடனே பிடித்துக்கொண்டது. மவுஸை எடுத்து மல்லாக்கப் போட்டான். கவிழ்த்துப்போட்ட கரப்பான்பூச்சி மாதிரி மேஜையில் உருளுகிற வயிற்றுக் குண்டை மேலே காட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள். பத்தாவது நிமிடம், மில் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரை இருண்டது.

"சீட்டு ஆடறியான்னு கேட்டீங்களே."

"தப்புதாம்மே" என்று சொல்லி, அன்றைக்கு டீயை அவனே போட்டான். சர்க்கரை ஒரு கரண்டி தூக்கல்.

மறுநாள் காலை பூத்துக்குப் போய் சுதர்சனுக்குப் போன் போட்டாள்.

"சார், மெஷின் நல்லா தூங்குது சார். மேஜைதான் ஆடுது. மவுஸைத் திருப்பிப் போட்டுட்டேன்."

"அன்னைக்கு ஆடலன்னு அடிச்சுச் சொன்னீங்களே மேடம்?"

"எங்களுக்கு ஆடறது தெரியாது சார்" என்றாள் சுந்தரி. "நின்னாதான் தெரியும்."

வீட்டுக்கு வந்தபோது முருகன் படம் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. நிமிர்த்தப்போன கையை மடக்கிக்கொண்டு, சாயந்திரம் வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.