ஆறின நெற்றிக்கு ஒரு கட்டு

அருளம்பலத்தின் நெற்றிக் காயம் ஆறி, கட்டு அவிழ்த்துப் பன்னிரண்டாம் நாள், வரவேற்புச் சபைச் செயலாளர் இராசநாயகம் ஒரு சுருள் வெள்ளைத் துணியோடு அவன் வீட்டுக்கு வந்தார். மலாயாவில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். எதையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைக்கிற மனிதர்.

"தம்பி, வாற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நெல்லியடியிலை கூட்டம். மெம்பர் ஐயா வாறார். நீர் மேடையிலை முன்வரிசையிலை இருக்கவேணும். வரேக்கை இதை நெத்தியிலை சுத்திக்கொண்டு வாரும்."

"காயம் ஆறிப்போச்சே அண்ணை."

"ஆறினது உமக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியவேணுமே?"

குசினி வாசலில் நின்ற அவன் மனைவி பூரணத்துக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்சம் சிவப்பு மையும் தடவி விடட்டோ அண்ணை?" என்றாள். இராசநாயகம் அதைக் கேளாதவர் போலத் துணியைக் கதிரையில் வைத்தார்.

"மெம்பர் ஐயா உம்மைக் காட்டுவார். நீர் எழும்பி நன்றி எண்டு ரெண்டு சொல்லுச் சொன்னால் காணும். மிச்சமெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன்."

அருளம்பலம் பதினெட்டு வருடமாகத் தெற்கே ஒரு சிங்கள ஊரில் சுருட்டுக்கடை வைத்திருந்தவன். போன மாதம் சட்டசபை மெம்பர் அந்த ஊருக்குப் போய், தமிழ் வியாபாரிகளைக் கூட்டி ஒரு மணி நேரம் பேசினார். தமிழருக்கு உத்தியோகத்தில் நடக்கிற அநியாயத்தைப் பேசியவரைக்கும் அருளம்பலமும் கை தட்டினான். அவர் அதோடு நிற்கவில்லை. "கண்டியில் முடி சூட ஆளில்லாமல் எங்களிடம் ராசாவைக் கேட்டு வாங்கிய இனம், எங்களை ஆளப் பார்க்கிறதா?" என்று கேட்டுவிட்டு மெம்பர் காரில் ஏறினார். கார் ஆற்றுப் பாலம் தாண்டி அரை மணி ஆகவில்லை, கடைத்தெருவில் கல் விழத் தொடங்கியது. சுருட்டு அலுமாரியின் கண்ணாடி உடைந்து தெறித்து அருளம்பலத்தின் நெற்றியைக் கிழித்தது. அவனுக்கு வந்த காயம் அவ்வளவுதான். கடைக் கதவை மறித்து நின்றவன் பக்கத்துத் தச்சுப்பட்டறை மேஸ்திரி, எல்லோரும் 'பாஸ்' என்று கூப்பிடுகிற மார்ட்டின். சிங்களவன். பொல்லடி விழுந்தது அவனுடைய வலது கையில்.

அருளம்பலம் ஊருக்கு வந்துவிட்டான். பூரணத்தின் தம்பி கதிரவேலு கடையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றான். படுக்கையும் சாப்பாடும் மார்ட்டின் வீட்டில். கதிரவேலுவின் கடிதம் புதன்கிழமை வந்தது. "இங்கே இப்போது அமைதி. பாஸின் மூன்று விரல்கள் இன்னும் மடங்கவில்லை. உளி பிடிக்க முடியாமல் இருக்கிறார். மெம்பர் இன்னொரு முறை வாய் திறவாமல் இருந்தால் அடுத்த கிழமை கடை திறக்கலாம்."

"நீங்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகாதேங்கோ," என்றாள் பூரணம்.

"போகத்தான் வேணும். அந்தாளின்ரை முகத்துக்கு நேரை சொல்ல எனக்கு வேறை எங்கை இடம் கிடைக்கும்?"

சனிக்கிழமை கட்டில்லாமல் வந்தவனைக் கண்டதும் இராசநாயகத்தின் முகம் சுருங்கியது. ஆனால் அதற்குள் மெம்பர் வந்து இறங்கிவிட்டார். மேளம், மாலை, கண்ணாடிச் சட்டம் போட்ட வரவேற்புப் பத்திரம் எல்லாம் முடிந்து மெம்பர் பேச எழுந்தார். அந்த ராசா கதையையே திரும்பவும் சொன்னார். சந்தை வெளி அதிரக் கைதட்டல். ஒவ்வொரு கைதட்டலும் கதிரவேலுவின் முதுகில் விழுவது போல இருந்தது அருளம்பலத்துக்கு.

"இதோ, இனத்துக்காக இரத்தம் சிந்திய வீரன்!" என்று மெம்பர் கையை நீட்டினார்.

அருளம்பலம் எழுந்தான்.

"ஐயா, நான் இனத்துக்காக ஒண்டும் சிந்தேல்லை. கண்ணாடி வெட்டினது. இரத்தம் சிந்தினவன் மார்ட்டின் எண்டொரு சிங்களத் தச்சன். என்ரை கடை வாசல்லை நிண்டு அடி வாங்கினவன். நீங்கள் அவன்ரை இனத்தைப் பழிச்சுப்போட்டுக் காரிலை ஏறிப் போட்டியள். நாங்களெல்லோ அங்கை நிண்டம்!"

"இறக்கடா உவனை!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"சிங்களவன்ரை சோறு திண்டவன்!"

"ஓம், திண்டனான்! அவன் என்ரை சுருட்டைக் குடிச்சவன், நான் அவன்ரை சோத்தைத் திண்டனான். இப்பவும் என்ரை மச்சான் அங்கைதான் திண்டுகொண்டிருக்கிறான்!"

மெம்பர் சிரித்தபடியே, "தம்பி, உரிமை எண்டால் சில தியாகங்கள்..." என்றார்.

"தியாகமோ? அப்ப உங்கடை நெத்தியைக் காட்டுங்கோ ஐயா, பாப்பம்!"

முன்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். மெம்பரின் சிரிப்பு நின்றது. "தமிழருக்கு உரிமை கேளுங்கோ, நானும் வாறன். ஆனால் ஒரு இனத்தை..." என்று அருளம்பலம் தொடங்கும்போது, இராசநாயகம் மேளகாரர் பக்கம் திரும்பி ஒரு விரலை உயர்த்தினார். தாலி கட்டுகிற நேரம் ஆகாத சொல் எதுவும் காதில் விழாமல் இருக்க உயர்த்துகிற அதே விரல். மறுகணம் கெட்டிமேளம். தவில் முழக்கத்தில் அருளம்பலத்தின் வாய் மட்டும் அசைந்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்து இறக்கும்வரை அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான்.

திங்கட்கிழமை காலையில் பேப்பர் வந்தது. பூரணம் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "தலையில் கட்டுடன் எழுந்த வர்த்தகர் அருளம்பலம், மெம்பரின் ஒவ்வொரு சொல்லும் தம் சொல்லே என்று கண்ணீர் மல்கக் கூறினார்." கடை இருந்த ஊரின் பெயரும் போட்டிருந்தது.

"கட்டும் போட்டு விட்டிருக்கிறாங்கள்," என்றான் அருளம்பலம். "கூட்டத்துக்கு முன்னமே எழுதி அனுப்பியிருக்கிறார் இராசநாயகம் அண்ணை."

"கொழும்பு இங்கிலீசுப் பேப்பர் இதைப் பாத்துப் போட்டால்?" பூரணத்தின் கண் கலங்கியது. "தம்பி அங்கையெல்லே நிக்கிறான்."

அவன் சட்டையை மாட்டி, தபாற்கந்தோருக்குப் போய்க் கதிரவேலுவுக்குத் தந்தி அடித்தான். "பேப்பர் பொய். பாஸிடம் சொல். வருகிறேன்."

திரும்பி வந்து, கதிரையில் அப்படியே கிடந்த துணிச் சுருளை எடுத்துக்கொண்டு இராசநாயகம் வீட்டுக்கு நடந்தான். அவர் விறாந்தையில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார்.

"ஏன் தம்பி, கோவமோ? இனத்தின்ரை நன்மைக்குத்தானே..."

"என்ரை மச்சானும் அந்த இனந்தான் அண்ணை." துணியை அவர் மடியில் வைத்தான். "இதை மெம்பர் ஐயாவிட்டைக் குடுங்கோ. அடுத்த முறை தெற்கை போகேக்கை கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ."

"நெத்தியிலையோ?" என்றார் இராசநாயகம், விளங்காமல்.

"வாயிலை."

தெற்கே போகிற ரயில் கொடிகாமத்துக்கு வர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அருளம்பலம் பஸ்ஸுக்குக் காத்திராமல் நடக்கத் தொடங்கினான்.