மானம்புச்சாவடி ராமென்

‘ஃபுகுவோகா ராமென்’ என்ற பலகையைப் பார்த்ததும் வானதி ஸ்கூட்டரை ஓரம் கட்டினாள். தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் ஒரு தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே நான்கு மேசை போட்ட சின்னக் கடை அது.

கணவனின் கம்ப்யூட்டர் வேலைக்காக ஜப்பானில், நகோயாவில், ஏழு வருஷம் இருந்துவிட்டு 2012இல் திரும்பியவள் அவள். வந்த பிறகு, ராமென் என்னும் அந்த ஊர் நூடுல்ஸ் சூப்பைத் தேடிப் போனால், கிடைத்ததெல்லாம் மசாலாத் தண்ணீரில் மிதந்த பாக்கெட் நூடுல்ஸ்தான். எல்லாவற்றையும் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்திருந்தாள்.

கிண்ணம் வந்தது. பால் போல வெளுத்த சூப். ஒரு வாய் உறிஞ்சியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பன்றி எலும்பைப் பன்னிரண்டு மணி நேரமாவது கொதிக்கவிடாமல் இந்தக் கனம் வராது. அடுத்து நூடுல்ஸைக் கடித்தாள். கொழகொழவென்று இருந்தது.

“அண்ணே, சூப்பு நீங்க வச்சதா?”

“ஆமாம்மா. ஜப்பான்ல, ஃபுகுவோகாவுல ஒரு ராமென் கடையில பத்து வருஷம் இருந்தேன்” என்றார் கடைக்காரர் அடைக்கலராஜ். “எப்படி இருக்கு?”

“சூப்பு அசல்ணே. நூடுல்ஸ்தான் சரியில்ல.”

கல்லாவில் இருந்த அவர் மனைவி ஆரோக்கியம் நிமிர்ந்து பார்த்தாள். அடைக்கலராஜின் முகம் சுருங்கியது. ஆனால் அவர் மறுக்கவில்லை.

“அது வெளியில வாங்குறதும்மா. அங்க எங்க ஓனர் சூப்பு அடுப்ப என்னை நம்பி விட்டாரு. மாவு பிசையற ரூமுக்குள்ள மட்டும் கடைசிவரைக்கும் விடல.”

“நான் நகோயாவுல அஞ்சு வருஷம் அந்த மாதிரி ரூமுலதான் வேல பாத்தேன். நூடுல்ஸ் கம்பெனி. நாளைக்குக் காலையில வர்றேன், நல்ல மைதாவா வாங்கி வைங்க.”

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆனாலும் மறுநாள் காலை மைதா வாங்கித் தயாராக வைத்திருந்தார் அடைக்கலராஜ். வானதி ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள்.

“அப்பளக்காரமா?” என்றாள் ஆரோக்கியம்.

“ஆமாக்கா. அங்கயும் இந்த மாதிரி ஒரு காரத்தத்தான் தண்ணியில கரைச்சு ஊத்துவாங்க. மஞ்ச நெறமும் விறைப்பும் அதுலதான் வரும்.”

கரைத்த தண்ணீரை ஊற்றியதும் மாவு புட்டு மாவு போல உதிரியாக நின்றது. போதவில்லை என்று நினைத்து அடைக்கலராஜ் ஒரு டம்ளர் தண்ணீரைச் சேர்த்துவிட்டார். அந்த மாவு வீணாய்ப் போனது.

“உதிரியாத்தான்ணே இருக்கணும்” என்று சொல்லிவிட்டு வானதி இரண்டாவது தடவை கலந்தாள். கையால் பிசைய முடியாத இறுக்கம். “கம்பெனில மெஷின் அழுத்திரும். இங்க துணியில சுத்தி, மேல ஏறி மிதிக்கணும்.”

“திங்கிற மாவையா?” ஆரோக்கியம் எழுந்தே விட்டாள். “காலு படக்கூடாது.”

“கழுவிட்டுதான்க்கா…”

“தங்கத்துல கழுவுனாலும் கூடாது.” சட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். “அப்பளத்துக்கு இந்தக் காரம் போட்ட மாவ இடிக்கத்தானே செய்வாங்க? பின்னாடி உரல் கெடக்கு.”

வானதி பின்பக்கம் போய் உரலைப் பார்த்தாள். அவளுக்கு இது தோன்றியிருக்கவே இல்லை. “சரிக்கா. இடிச்சிருவோம்.”

மூன்று பேரும் உலக்கையை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். உதிர்ந்து கிடந்த மாவு கொஞ்சம் கொஞ்சமாக ஒன்று சேர்ந்து பளபளத்தது. ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்து, மடித்து, கத்தியால் மெல்லிசாக நறுக்கினாள் வானதி. கொதிநீரில் ஒன்றரை நிமிஷம். வடித்து எடுத்து சூப்பில் போட்டாள்.

அடைக்கலராஜ் தலையைக் கவிழ்த்து, சர்ரென்று உறிஞ்சிச் சாப்பிட்டார். கிண்ணம் காலியான பிறகுதான் நிமிர்ந்தார்.

“இதுதாம்மா” என்றார். “நெசமா இதேதான்.”

“இதுக்காகவா பத்து வருஷம் அங்க கெடந்தீங்க?” என்று சிரித்த ஆரோக்கியம், தன் கிண்ணத்தை வானதியிடம் நீட்டினாள். “எனக்கு இன்னும் கொஞ்சம் போடு.”

“வாரத்துக்கு மூணு நாள் நான் வர்றேன்” என்றாள் வானதி. “கூலிக்கு இல்லண்ணே, பங்குக்கு.”

அடைக்கலராஜ் மனைவியைப் பார்த்தார். ஆரோக்கியம் வாயில் நூடுல்ஸோடு தலையாட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை இருபது கிண்ணத்துக்கு இடித்திருந்தார்கள். ஒன்றரை மணிக்கெல்லாம் தீர்ந்துபோனது. இரண்டு மணிக்கு வந்த மருத்துவக் கல்லூரி டாக்டர் ஒருவர், “சாதா நூடுல்ஸாவது போட்டுத் தாங்களேன்” என்று கேட்டார்.

“இங்க அது கிடையாது சார்” என்றாள் வானதி. “நாளைக்குப் பன்னண்டு மணிக்கே வந்துருங்க.”