நாற்பது அடி கிழக்கே

என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுவதற்கான விலை எழுபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். வரியை உள்ளேயே சேர்த்திருந்தார்கள். விலையை ஓர் அட்டையில் அச்சடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வாட்ச்சின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள்.

நான் ஈரோட்டில் மஞ்சள் மண்டித் தரகன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் ஒட்டிய விலைக்கு எதையும் வாங்கியதில்லை. என் தாத்தா மருத்துவச்சியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்ததால் என் அப்பா அரை மணி நேரம் தாமதமாகப் பிறந்தார்.

தை மாதத்திலிருந்து ஊரில் ஒரு சட்டம். ஒருவர் எங்கே இருப்பதாக அவர் கையில் கட்டிய வாட்ச் சொல்கிறதோ, அங்கேதான் அவர் இருக்கிறார். நியாயமான சட்டம். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

என்னுடையது சாதாரண ஜி.பி.எஸ். வாட்ச். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தபோது வாங்கியது. நாலாயிரத்து ஐந்நூறு சொன்னதை நாலாயிரத்து இருநூற்றுக்கு அடித்து வாங்கினேன். குறைந்த முந்நூறு ரூபாய்க்கு அது என்னை நாற்பது அடி கிழக்கே தள்ளிக் காட்டியது. இதயத் துடிப்பை எப்போதும் எழுபத்திரண்டு என்று காட்டியது. மாடி ஏறினாலும் எழுபத்திரண்டு. கழற்றி மஞ்சள் மூட்டையின் மேல் வைத்தாலும் எழுபத்திரண்டு.

என் வீட்டுக்கு நாற்பது அடி கிழக்கே நாச்சிமுத்துவின் வீடு. ஆகவே நான் நாச்சிமுத்துவின் வீட்டில் குடியிருக்கிறேன். நாச்சிமுத்துவிடமும் அதே வாட்ச்தான். ஜோடியாக எடுத்தால் குறைப்பார்கள் என்று நான்தான் அவரையும் கூட்டிப்போனேன். அவர் தன் வீட்டுக்குக் கிழக்கே உள்ள மாவு மில்லில் குடியிருக்கிறார். உடம்பெல்லாம் வெள்ளையாகிவிட்டார். தெருவின் கடைசி வீட்டில் அதே வாட்ச் கட்டியவர் காலிங்கராயன் வாய்க்காலில் குடியிருக்கிறார். தண்ணீர் திறந்துவிடும் மாதங்களில் குடை பிடித்துக்கொள்கிறார்.

வாட்ச்சைக் கழற்றிவிடலாமே என்று கேட்கலாம். என் மாமனார் கழற்றினார். கட்டிப் பழகியவர் கழற்றினால் எங்கும் இல்லை என்று அர்த்தம். கருமாதிவரை செய்து முடித்தோம். அவரே வந்து பந்தியில் உட்கார்ந்து வடை சரியாக வேகவில்லை என்றார்.

என் மனைவி சம்பூரணம் வாட்ச் கட்டியதே இல்லை. கட்டாதவர்களுக்குச் சட்டம் இல்லை. அவள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள்.

முதல் வாரம் பழக்கதோஷத்தில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் அங்கே இல்லாததால் நாற்காலி காலியாக இருந்தது. சம்பூரணம் துவைத்த துணிகளை மடித்து என் மேல் அடுக்கினாள். மடித்துக்கொண்டே என்னோடு சண்டை போட்டாள். நான் இல்லாததால் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னதெல்லாம் நியாயம்தான்.

இரண்டாவது வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு மேற்கே நாற்பது அடியில் போய் நின்றால் வாட்ச் என்னை வீட்டில் காட்டும். மேற்கே நாற்பது அடியில் டிரான்ஸ்பார்மர். அதை ஒட்டி நின்றேன். அந்தக் கணமே நான் வீட்டில் இருந்தேன். சம்பூரணம் சந்தோஷமாக நாற்காலிக்கு முன்னால் தட்டு வைத்தாள். நாற்காலி மூன்று இட்லி சாப்பிட்டது. எனக்குப் பசித்தது.

அதன் பிறகு நாச்சிமுத்துவின் வீட்டிலேயே ஒழுங்காகக் குடியிருந்தேன். சுவருக்கு மேலாகச் சம்பூரணம் பேசுவாள்.

இன்று மத்தியானமும் பேசினாள்.

“ஏனுங்க, கடுதாசி வந்துச்சாமா?”

“வந்துச்சு.”

“என்னன்னுங்க?”

“நூறு நாள் முடிஞ்சா இதுதான் நிரந்தர வெலாசமாம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆள் வந்து பேர்ப்பலகை அடிப்பாங்களாம்.”

“இன்னைக்கு எத்தனாவது நாளுங்க?”

“நூறு.”

சுவரின் மேல் இருந்த அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன.

“அந்தப் பெரிய வாட்ச்சு தப்பாமக் காட்டுமுன்னு சொன்னீங்களே.”

“ஒரு அடி பிசகாதாம். ஒரு மாசமா வெலை கேட்டுட்டு இருக்கேன்.”

“இன்னும் என்னத்தக் கேக்கறீங்க? சொன்ன வெலைக்கே வாங்கிட்டு வாங்களேன்.”

முப்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு கெட்ட வார்த்தையை நான் கேட்டதில்லை. நிலைமை கைமீறிப் போய்விட்டது என்று புரிந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கடைக்குள் நுழைந்து கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

“வாட்ச் பார்க்கணும்மா.”

“கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார். நீங்க பக்கத்துப் பாத்திரக்கடையில இருக்கீங்க.”

“வாட்ச் பார்க்கணும்!” என்று கத்தினேன்.

“இங்க வந்து பாருங்க சார்.”

“இங்கதாம்மா நிக்கறேன்.”

“அப்பன்னா இன்னைக்கும் இருப்பு விண்ணப்பம் குடுக்கணும். ஒரு மணி நேரம் இங்க இருந்துக்கலாம்.”

விண்ணப்பத்தை நிரப்பினேன். பெயர், வயது, இருக்க விரும்பும் இடம், இருக்க விரும்பும் காரணம். காரணத்துக்கு நேராக ‘சாப்பாடு’ என்று எழுதினேன். அடியில் சாட்சி கையெழுத்து கேட்டிருந்தது.

“நீயே போடும்மா.”

“நான் உங்களைப் பார்க்கலையே சார்.”

“எப்பப் பார்ப்பே?”

“கையெழுத்து ஆனதும்.”

அப்போது சுவரில் இருந்த பல்லி சத்தமிட்டது. அந்தப் பெண் மேசையை மூன்று தடவை தட்டிவிட்டு முத்திரை குத்தினாள். பல்லி வாட்ச் கட்டுவதில்லை. அதன் சாட்சி எங்கும் செல்லும்.

“வாங்க சார்,” என்றாள். “எப்ப வந்தீங்க?”

கடை முதலாளி அர்த்தநாரி உள்ளே இருந்து வந்தார். நாற்பது வயது. இடது கையில் கடையிலேயே விலை கூடிய வாட்ச். கண்ணுக்குக் கீழே கறுப்பு.

“வாங்க ரங்கண்ணா. இன்னைக்காச்சும் எடுக்கறீங்களா, இல்ல தொட்டுப் பார்த்துட்டுப் போறீங்களா?”

“என்னென்ன செய்யும்னு மறுக்காச் சொல்லு.”

“முந்நூறு அடி ஆழத்துலயும் தண்ணி எறங்காதுங்.”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

“வாட்ச்சுக்குத் தெரியுமுங்.”

“அப்புறம்?”

“சார்ஜ் இருபத்தாறு நாள் நிக்குமுங். ஆள் நிக்கலைன்னாலும் அது நிக்கும்.”

“இடம்?”

“ஒரு அடி பிசகாது.” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

“நாப்பதாயிரம்,” என்றேன்.

“அட்டையப் பாருங்கண்ணா.”

நான் எழுந்து வாசலுக்கு நடந்தேன். அப்பா பேரம் பேசும்போது இப்படித்தான் படி இறங்குவார். எட்டாவது படிக்குள் கடைக்காரன் கூப்பிட்டுவிடுவான். நான் எட்டுப் படி இறங்கினேன். கூப்பிடவில்லை. வரும்போது வாசலில் மூன்றே படிகள் இருந்தன. ஒன்பது, பத்து என்று இறங்கிக்கொண்டே போனேன். இருநூற்றுப் பதினான்காவது படியில் கால் வலித்தது. திரும்பிப் பார்த்தேன். கடை ஒரு படி மேலே இருந்தது. ஏறினேன்.

“இந்தக் கடையில எல்லாரும் எறங்கிப் பார்த்துட்டுத்தான் வர்றாங்க,” என்றார் அர்த்தநாரி. “டீ சொல்லட்டுங்களா?”

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து இருபது.

“துண்டு போட்டுப் பேசலாம்,” என்றேன்.

எங்கள் மண்டியில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையையும் துண்டு மூடியிருக்கும். விற்பவன் கை கீழே மல்லாந்திருக்கும். வாங்குபவன் கை மேலே வந்து விரல்களைப் பிடிக்கும். பிடித்த விரல்தான் விலை. முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. அதற்காகச் சின்ன வயதிலேயே எங்களுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள்.

அர்த்தநாரியும் மண்டிக்காரர் பேரன்தான். மறுக்காமல் கையை நீட்டினார். துண்டை விரித்தேன். விரலுக்குப் பத்தாயிரம் என்று அவர் விரல்கள் நாலைப் பிடித்தேன். அவர் என் உள்ளங்கையைச் சுரண்டி, ஆகாது என்றார். நாலரை பிடித்தேன். சுரண்டினார்.

என் நெஞ்சு உரல் இடிப்பதுபோல் அடித்துக்கொண்டது. சம்பூரணத்தின் விரல்கள் சுவரின் மேல் இருந்தது கண்ணிலேயே நின்றது. எழுபதாயிரத்துக்கே பிடித்துவிடலாம் என்று கை துடித்தது.

“பழைய வாட்ச்சை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கறோமுங்,” என்றார் அவர். “ஐந்நூறு.”

நான் நாலரையிலேயே நின்றேன்.

“ஆயிரம்.”

விரலை நான் மாற்றவில்லை.

“ரெண்டாயிரத்து ஐந்நூறு போட்டுக்கலாமுங்.”

கேட்காமலே விலை ஏற்றுகிற வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. துண்டைப் பார்த்தேன். அவர் மணிக்கட்டைத் திருப்பியதும் விலை கூடிய வாட்ச் தானாக விழித்துக்கொண்டது. வெள்ளைத் துண்டுக்குள்ளிருந்து துடிப்பின் எண் பச்சையாகத் தெரிந்தது.

நூற்று நாற்பத்திரண்டு.

பக்கத்தில் என் வாட்ச்சின் எண்ணும் மங்கலாகத் தெரிந்தது. எழுபத்திரண்டு.

அர்த்தநாரியும் அதைப் பார்த்தார். அவர் முகம் வாடியது. “ரங்கண்ணன் அசைய மாட்டேங்கறாரே,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மண்டியில் வாட்ச் கட்டிக்கொண்டு துண்டுக்குள் கைவிட்டவர்கள் அதற்கு முன்னால் யாரும் இல்லை. அப்பா இருந்திருந்தால் இரண்டு பேரையும் அடித்திருப்பார்.

“எத்தனை அடிங்க தள்ளிக் காட்டுது?” என்று மெல்லக் கேட்டார்.

“நாப்பது.”

துண்டுக்குள் நூற்று ஐம்பத்தொன்று.

“கிழக்கயா, மேக்கயா?”

“கிழக்க.”

“கிழக்க பாத்திரக்கடை,” என்றார். பட்டினி கிடப்பவன் பந்தியைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார்.

அவருடைய வாட்ச் வாய் திறந்தது. “நீங்கள் ஓடுகிறீர்கள்,” என்று கடை முழுவதும் கேட்கும்படி அறிவித்தது. “நீங்கள் உட்கார்ந்தும் இருக்கிறீர்கள்.”

அர்த்தநாரி உடைந்துபோனார்.

“சட்டம் வந்து மூணு மாசமாச்சுங்ணா. எங்க இருக்கறனோ அங்கயேதான் இருக்கறேன். கக்கூஸ்ல இருந்தா கக்கூஸ்னே காட்டுது. மச்சான் பணம் கேட்டு வந்தா வெளிய போயிருக்கேன்னு ஒரு பொய் சொல்ல முடியறதில்ல. ஒரு அடி நகர எடமில்லீங்ணா.”

நான் அவர் விரல்களை விட்டேன். துண்டுக்குள்ளேயே என் கையைக் கீழே கொண்டுபோய் மல்லாத்தி வைத்தேன்.

இப்போது நான் விற்பவன்.

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. என் விரல்களை அள்ளிப் பிடித்தார்.

“வாட்ச் கெடையாது,” என்றேன். “அதைக் கழட்டுனா நான் எங்கயும் இல்ல. அடி மட்டும் தர்றேன்.”

“அடிய மட்டும் எப்படிங்ணா குடுப்பீங்க?”

“துண்டுக்குள்ள விட்டுடறேன்.”

“அது போதுமுங்.”

அவர் விரல் மாற்றினார். நான் உள்ளங்கையைச் சுரண்டினேன். அவர் இன்னொரு விரலைச் சேர்த்தார். மறுபடியும் சுரண்டினேன். மணி ஐந்து நாற்பத்தைந்து ஆகியிருந்தது. இன்னும் இரண்டு விரல் ஏற்றியிருக்கலாம். ஏற்றியிருந்தால் ஆறு மணிக்குக் கடையில்தான் இருப்பேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, வரவேண்டியது பாக்கி இருக்கும்போதே தலையை ஆட்டினேன்.

முடிந்த விலையை வெளியே சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

“நாப்பதும் தர மாட்டீங்களா?” என்றார் அவர், அடிகளை எண்ணிப் பார்த்துவிட்டு.

“முப்பத்தெட்டுதான். ரெண்டு எனக்கு வேணும்.”

“எதுக்குங்?”

“குடும்பஸ்தன்ப்பா.”

அவருக்குப் புரிந்தது. துண்டைச் சுருட்டி எடுத்தேன். ஈரத்துணிபோல் கனத்தது. அவர் மடியில் உதறினேன். அர்த்தநாரி என் முன்னால் உட்கார்ந்தபடியே பாத்திரக்கடைக்குப் போய்விட்டார். அவர் செல்போன் அடித்தது. எடுத்தார்.

“மச்சான், நான் கடையில இல்லீங்க,” என்றார். “பக்கத்துல பாத்திரம் பார்த்துட்டு இருக்கேன்.” அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று மாதத்தில் முதல் பொய். அதுவும் சட்டப்படி உண்மை.

மணி ஐந்து ஐம்பது. வீடு ஒன்றேகால் கிலோமீட்டர். என் வாட்ச்சை வாங்கிய நாளிலிருந்து நான் நடந்ததே குறைவு. இன்றைக்கு ஓடினேன். மூச்சு வாங்கியது, கண் இருட்டியது. வாட்ச்சைப் பார்த்தேன். எழுபத்திரண்டு. அதை நம்பி ஓடினேன்.

தெருவுக்குள் வந்தபோது நாச்சிமுத்துவின் வாசலில் ஒருவர் சுத்தியலோடு நின்றார். கக்கத்தில் என் பெயர் எழுதிய பலகை. ஆணியைச் சுவரில் வைத்திருந்தார்.

“ஏனுங்க, ரங்கண்ணன் இங்கதான இருக்காரு?”

நான் என் வாசலில் ஏறி நின்றேன். “இல்லீங்க. பக்கத்து வீடு.”

அவர் தன் கருவியைப் பார்த்தார். என் வீட்டைப் பார்த்தார். மறுபடியும் கருவியைப் பார்த்தார்.

“ஆமா,” என்றார் வருத்தத்தோடு. “அப்ப இந்த ஆணிய என்ன பண்றது?”

“நாச்சிமுத்துவைக் கேளுங்க. மாவு மில்லுல இருப்பாரு.”

மில்லுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு கை வெளியே வந்து அசைந்தது. “அடிச்சு வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க ரங்கா,” என்றது நாச்சிமுத்துவின் குரல். “வர்றப்ப அதுல சட்டைய மாட்டிக்கறேன்.”

நான் என் வீட்டுக்குள் போனேன். நாற்காலியில் சேலைகள் அடுக்கியிருந்தன. சம்பூரணம் அவற்றை அவசரமாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். உட்கார்ந்தேன்.

“வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன்.”

“வாட்ச்சு எங்கீங்க?”

“வாங்கலை. இதே இப்ப ரெண்டு அடிதான் தள்ளிக் காட்டுது.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை வைத்துப் பார்த்தாள். “என்னங்க இப்படி அடிச்சுக்குது,” என்றாள்.

“எழுபத்திரண்டுதான்.”

“சும்மா இருங்க,” என்றாள். தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கப் போனாள். பிறகு யோசித்து, எனக்குக் கிழக்கே கொஞ்சம் தள்ளி வைத்தாள். கை எட்டியது. மூன்று இட்லிகளையும் நானே சாப்பிட்டேன்.

மொத்தம் இருந்தது நாற்பது அடி. விற்றது முப்பத்தெட்டு. பாக்கி இரண்டு. சம்பூரணம் தன் நாற்காலியையும் கிழக்கே இழுத்துப் போட்டு அதை நேர் செய்தாள்.