உள்மடிப்பு வேண்டாம்

அந்தத் தையல் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை. பள்ளிச் சீருடை தைக்க வருகிற பெற்றவர்கள், அளவெடுத்து முடிப்பதற்குள், "வளர்ற பிள்ளை, நாலு விரக்கடை உள்ள விட்டுத் தைங்க" என்று சொல்லியாக வேண்டும். பாவாடையின் அடியில் அந்த நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் அடுத்த வருஷம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அதுதான் உள்மடிப்பு. இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு, கடைக்காரி டேப்பக்காவுக்குக் காது புளித்துவிட்டது. அளவு டேப்பைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து கடைத்தெருவுக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அப்படியிருக்க, போன வாரம் ஒருத்தி எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "உள்மடிப்பெல்லாம் வேண்டாங்க, அளவாவே தைச்சிடுங்க" என்றாள். டேப்பக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நோட்டில் 'மடிப்பு இல்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். அன்றைக்கு அது ஒரு வாடிக்கைக்காரியின் கிறுக்கு, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்து சேரவில்லை.

சாயங்காலமே தெருக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தேடினார்கள். கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் தையல் கடை கோர்ட்டாகிவிட்டது. ஜாக்கெட் வாங்க வந்தவள், ரெண்டு வருஷம் முன்னால் சங்கிலியைப் பறிகொடுத்தவள், "பைக்குல ரெண்டு பேரு வந்திருப்பானுங்க, எழுதி வெச்சுக்கோங்க" என்றாள். புருஷனோடு வழக்கு நடத்திக்கொண்டிருந்த இன்னொருத்தி, "அப்பங்காரனை விசாரிச்சீங்களா?" என்றாள். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் காயத்தை அவரவர் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள்.

கடையின் பின்னறையில் இஸ்திரி போடுகிற பெட்டி அண்ணன் மட்டும் வேறு பாட்டு பாடினார். "எம் பையன் நாலு வயசுல காணாமப் போனான். ஊரெல்லாம் தேடினோம். பக்கத்து வீட்டு மாடியில அட்டைப் பெட்டிக்குள்ள படுத்துத் தூங்கிட்டிருந்தான். பிள்ளைங்க கூப்பிடு தூரத்துலதான் இருக்கும், தங்கச்சி."

"உங்களுக்கு எல்லாமே பெட்டிதான் அண்ணே" என்றாள் டேப்பக்கா. கடை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அவளுக்குத் தெரியும். குழந்தைகள் தொலைவதில்லை, யாரோ தொலைக்கிறார்கள். ஏழு வயதில் அவள் அம்மா அவளை ஒரு பஸ் நிலையத்து பெஞ்சில் உட்காரவைத்து, "டிக்கெட் எடுத்துட்டு வரேன்" என்று போனாள். சாயங்காலம் வரை வரவில்லை. போலீஸ்காரர்கள் வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, அம்மா தெருவே பார்க்க மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "கூட்டத்துல கைய விட்டுட்டா" என்றாள். நான் விடவில்லை, அம்மாதான் விட்டாள் என்று குழந்தை சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தில் சித்தி வீட்டுக்கு நிரந்தரமாக அனுப்பிவைக்கப்பட்டபோதுகூட, பாவம் அந்தத் தாய் என்றுதான் தெரு பேசியது.

ஜாக்கெட்காரி தன் செல்போனை நீட்டினாள். காணாமல்போன குழந்தையின் அம்மா யாரிடமோ பேசுகிற வீடியோ. தேதி, நேரம், வழி எல்லாம் தெளிவாகச் சொன்னாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அழுதிருந்தால் டேப்பக்கா நடிப்பு என்றிருப்பாள். அழாததால் கல்நெஞ்சு என்று நினைத்தாள். அந்தத் தாய் தப்பிக்க வழியே இல்லை.

"போன வாரம் இவ இங்க வந்திருந்தா" என்று டேப்பக்கா மெதுவாகச் சொன்னாள். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். "மடிப்பு வேண்டாம்னா. வளர்ற பிள்ளைக்கு எந்த அம்மாவாவது அப்படிச் சொல்லுவாளா? அடுத்த வருஷம் அந்தப் பாவாடை தேவைப்படாதுன்னு தெரிஞ்சவதான் சொல்லுவா."

சங்கிலிக் கதையும் புருஷன் கதையும் போன இடம் தெரியவில்லை. பெட்டி அண்ணன் மட்டும், "நாலு விரக்கடைத் துணிய வெச்சு ஒரு பொம்பளையத் தூக்குல போடாத தங்கச்சி" என்றார். அவர் குரலில் பலமில்லை. அவருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருந்தது.

பத்து மணிக்குச் சொன்னது பன்னிரண்டு மணிக்கு ஊர்ச் சொத்தாகிவிட்டது. ஒரு மணிக்குப் பெண் போலீஸ் ஒருத்தி வந்து நோட்டை வாங்கிப்போனாள். இரண்டு மணிக்குத் தாயை ஜீப்பில் ஏற்றினார்கள். தேடிக்கொண்டிருந்தவர்கள், "பெத்தவளே பண்ணியிருக்கா, நாம எங்கன்னு போய்த் தேடறது?" என்று வீட்டுக்குத் திரும்பினார்கள். குழந்தை வீட்டுத் தோட்டத்தை இரண்டு பேர் மண்வெட்டியால் கிளறினார்கள். டேப்பக்கா அன்றைக்கு ஒரு தையல்கூடக் கோணாமல் தைத்தாள். பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஏழு வயதுக்காரிக்கு இத்தனை வருஷம் கழித்து யாரோ நியாயம் பேசிவிட்டது போல அவளுக்கு நிறைவாக இருந்தது.

புதன்கிழமை காலை பெட்டி அண்ணன் வேலைக்கு வரவில்லை. பதினோரு மணிக்கு முழங்கால் வரை சேறும், கையெல்லாம் சிராய்ப்புமாக வந்து வாசலில் நின்றார்.

"கிடைச்சிருச்சு. உசிரோட."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பாதியில் நிற்கிற கட்டடம். அங்கே தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி. பூனைக்குட்டியைத் துரத்திக்கொண்டு போன குழந்தை மூடிப் பலகை ஒரு பக்கம் சாய்ந்ததில் உள்ளே விழுந்து, பலகை பழையபடி மூடிக்கொள்ள, கணுக்கால் முறிந்து, அடியில் கிடந்த மழைத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு இரண்டு நாள் கிடந்திருக்கிறது. தொட்டிக்குள் இருந்து கத்தினால் தொட்டிக்குத்தான் கேட்கும். அட்டைப் பெட்டி ஞாபகத்தில் மூடி போட்டதையெல்லாம் திறந்து பார்த்துக்கொண்டே போனவர் கையில் குழந்தை அகப்பட்டது. அவரும் தன் கதையை நம்பித்தான் போனார். அவர் கதை இந்தத் தடவை சரியாக இருந்தது.

டேப்பக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை. ஏமாற்றம். அதை உணர்ந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. இந்தத் தாயும் தன் அம்மாவைப் போல இருந்திருந்தால், உலகத்தில் எல்லா அம்மாக்களும் கொஞ்சம் அப்படித்தான் என்று மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அதற்காக ஒரு குழந்தை செத்திருக்க வேண்டும் என்றா நினைத்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த பெண் போலீஸ் மேஜை மேல் பட்டென்று போட்டாள். "அடியில மடிப்புத் தடிச்சு, பாவாடை விறைச்சு நிக்குதுன்னு கூடப் படிக்கிற பிள்ளைங்க 'குடை வருது, குடை வருது'ன்னு கிண்டல் பண்ணிச்சாம். இந்த ஒரு தடவை அளவாத் தைச்சுக் குடும்மான்னு அந்தப் பாப்பாதான் அழுதிருக்கு. நேத்து ஸ்டேஷன்ல அந்தம்மா திரும்பத் திரும்ப இதையேதான் சொன்னாங்க. நாங்க நம்பல."

அவள் போன பிறகு பெட்டி அண்ணன் கை கழுவிக்கொண்டே சொன்னார், யாரையும் குத்திக்காட்டாமல். "தூக்கிட்டு வரும்போது பாப்பா ஒண்ணு சொல்லுச்சு, தங்கச்சி. மொத நாள் எல்லாரும் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க, மறுநாள் யாருமே கூப்பிடல. சரி, அம்மாவாவது வருவாங்கன்னு பாத்தேன், அம்மாவும் வரலன்னு சொல்லுச்சு."

டேப்பக்கா எழுந்தாள். ஓடிக்கொண்டிருந்த மிஷினை யார் நிறுத்தினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

காலில் கட்டோடு குழந்தை படுத்திருந்தது. பக்கத்தில் அம்மா. டேப்பக்காவைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் இறுகியது. டேப்பக்கா அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கட்டிலருகே குனிந்தாள்.

"பாப்பா, உங்கம்மா வராம இருக்கல. வரத்தான் துடிச்சாங்க. நேத்து அவங்கள வரவிடாமப் பண்ணது நான். தப்பாச் சொல்லி போலீஸ்ல பிடிச்சு வைக்க வெச்சது நான்தான். அம்மா உன்னை விடல. கேக்குதா? அம்மா விடல."

குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, அம்மாவின் முகத்தை, கண்ணை, வாயை உற்றுப் பார்த்தது.

"நெசமாவாம்மா?" என்று கேட்டது.

"நெசந்தான் கண்ணு."

குழந்தை தலையாட்டியது. ஆனால் அம்மா தண்ணீர் பிடிக்க எழுந்தபோது, அவள் புடவைத் தலைப்பை எட்டிப் பிடித்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது. அம்மா எவ்வளவு சொல்லியும் விடவில்லை.