உள்ளே தைத்த கொளுக்கிகள்

வாய்க்கரிசி போடும்போது அந்த முன்னறையில் இருந்தவர்கள்: மனைவி யோகராணி. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் கமலினி. தம்பி கேதீஸ்வரன், அண்ணன் செத்ததற்கு ஒரு நாள்தான் லீவு என்று கார்த் தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள், அந்த லீவைப் பிரேதத்தை அடையாளம் காட்டப் போன அன்றே எடுத்துவிட்டதால் இன்று காலை, இரவு வேலை முடிந்து நேரே வந்தவன். பக்கத்துத் தெரு சத்தியபாமா அக்கா. தேவாரம் படிக்க வந்த கோயம்புத்தூர்க்காரர் பழனிசாமி. டண்டினொங் ஊரில் அந்த நாட்களில் புத்தகம் இல்லாமல் தேவாரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கதவோரம், தொப்பியை வயிற்றோடு பிடித்தபடி, தகர டின் தொழிற்சாலையின் மேலாளர் ஹார்லன். பெட்டிக்குள் அந்தத் தொழிற்சாலையில் சம்பளக் கிளார்க்காக இருந்த தேவராஜா.

யோகராணி அரிசியைப் போட்டுவிட்டுக் கையை எடுக்கவில்லை. கை வாயிலிருந்து இறங்கி, பழக்கத்தில், கோட்டின் இடது பக்கத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. மண்ணிறக் கோட் நெஞ்சோடு தட்டையாக ஒட்டிக் கிடந்தது.

"போதும், கையை எடு பிள்ளை," என்றாள் சத்தியபாமா. பிறகு பழனிசாமி பக்கம் திரும்பி, அவளுக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில், "இந்த வெயிலுக்கை கோட்டுப் போட்டா ஆருக்குத்தான் நெஞ்சு வெடிக்காது? வெள்ளைக்காரனே அரைக்காற்சட்டையும் காலிலை முழங்கால் மட்டும் மேசும் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போறான். இவர் பெரிய துரை."

"பாவங்க, விடுங்க. அவருக்கு அது ஒரு மரியாதை," என்றார் பழனிசாமி.

"மரியாதையை வைச்சு இப்ப என்ன செய்யிறது?"

யோகராணிக்கு எல்லாம் கேட்டது. அவர் வேலைக்குப் போடும் கறுப்புக் கோட் எங்கே என்று யாரும் கேட்காதவரை நல்லது. அது பின்னறைக் கட்டிலுக்கு அடியில், போலீஸ் கொடுத்த கடதாசிப் பையில் கிடந்தது.

நேற்று மாலைதான் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கைத்துவக்கை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்; அதைச் செருகும் தோல் உறையும், அது தொங்கும் தோள்வாரும், உடுப்புகளும் திரும்பி வந்தன. கதவைச் சாத்திவிட்டுக் கோட்டை விரித்துப் பார்த்தாள். முதுகுப் பக்கம் முழுதும் தார். அவர் விழுந்த வியாழக்கிழமை வெயிலில் தெருத் தார் பாகாய் இளகியிருந்தது. துணிக்குள் ஊறி இறுகிப் போயிருந்தது. கொஞ்ச நேரம் கிடந்த கோட்டில் அப்படி ஊறாது. இன்னொன்றையும் பார்த்தாள். கோட்டின் உள்ளே அவள் தைத்த மூன்று கொளுக்கிகளில் கீழே இருந்தது மட்டும் இருந்தது. மேலே இருந்த இரண்டையும் யாரோ துணியோடு பிய்த்திருந்தார்கள்.

அதை அவர் பிய்க்கமாட்டார். அப்படியானால் யாரோ ஒருவர் கிட்ட வந்திருக்கிறார்கள். கிட்ட வந்தவர் இருக்க, மனிதன் ஏன் தாரில் ஊறும்வரை தனியாகக் கிடந்தான்? நேற்று மாலையிலிருந்து யோகராணிக்கு வேறு எந்த யோசனையும் இல்லை. அழுகைகூட வரவில்லை.

காலையில் கேதீஸ்வரனைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கேட்டாள். போலீசோடு போய் அடையாளம் காட்டியவன் அவன்.

"ஆர் தம்பி பக்கத்திலை நிண்டது?"

"ஆக்கள் நிண்டவை அண்ணி."

"கையைப் பிடிச்சவையோ?"

"எல்லாம் கெதியா முடிஞ்சிட்டுது. அவருக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது." சொல்லும்போது அவன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். கோப்பையில் தேநீர் இல்லை.

"துவக்கு விஷயம் இஞ்சை ஒருத்தருக்கும் வேண்டாம்," என்றும் சொன்னான். "சத்தியபாமா அக்காவுக்குத் தெரிஞ்சா நாளைக்கு சிட்னி மட்டும் போயிடும். தேவராஜா துவக்கோடை திரிஞ்சவன் எண்டு."

துவக்கோடு திரிந்தது உண்மைதான். தொழிற்சாலையில் வியாழன்தோறும் எல்லாருக்கும் சம்பளம் காசாகக் கொடுப்பார்கள். பக்கத்தில் வேறொரு தொழிற்சாலையின் சம்பளப் பெட்டியைக் கொள்ளைக்காரர் பறித்துக்கொண்டு போனதிலிருந்து, வங்கிக்குப் போகிற ஆளிடம் துவக்கு இருக்கவேண்டும் என்று ஹார்லன் முடிவு செய்தார். ஆளையும் அவரே தெரிந்தெடுத்தார். "உன்னை யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கமாட்டார்கள், தேவ்," என்றாராம். தேவராஜா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னார். துவக்கை யாராவது பார்த்துவிட்டால் அன்றோடு அந்தக் கிளார்க் கதிரை வேறொருவருக்கு என்றும் ஹார்லன் சொல்லியிருந்தார். அதை மட்டும் யோகராணியிடம் படுக்கும்போது, விளக்கை அணைத்த பிறகுதான் சொன்னார். கொழும்பில் பெரிய கிளார்க்காக இருந்தவர், இங்கே வந்து ஒரு வருடம் போத்தல் கழுவியவர். அந்தக் கதிரையின் விலை அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை என்றால் வீட்டில் ஒரு வேலை. துவக்கு சனியனைப் போல இடது கமக்கட்டில் தொங்கும். ஒரு அளவு பெரிய கோட் வாங்கினார்கள். யோகராணி இடது பக்கத் தையலைப் பிரித்து, கொஞ்சம் விட்டுத் தைத்தாள். காற்றுக்குக் கோட்டின் முன்பக்கம் பறக்காமலிருக்க விளிம்புக்குள் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தாள். உள்ளே கறுப்பு லைனிங். வெள்ளைச் சட்டையை நிறுத்திவிட்டுச் சாம்பல் நிறச் சட்டை.

அவர் கண்ணாடிக்கு முன் பழகினார். பென்சில் விழுந்தால் இடுப்பை வளைக்கக்கூடாது, முழங்காலை மடித்து இருந்து எடுக்கவேண்டும். உயரத்து அலுமாரியில் இடது கையால் எதையும் எடுக்கக்கூடாது. நடைபாதையில் இடது பக்கம் சுவரோடு இருக்கும்படி நடக்கவேண்டும். யாராவது தோளில் கை போட வந்தால், இருமுவதுபோல ஒதுங்கவேண்டும். "அப்பா, யூ வாக் லைக் எ பென்குவின்," என்று கமலினி சிரித்தாள். கந்தோரில் கோட்டைக் கழற்றச் சொல்லிக் கேலி செய்தார்கள். சூடான நாட்டிலிருந்து வந்தவன், எனக்கு இதுவே குளிர் என்று சொல்லிச் சமாளித்தார். அதற்குப் பிறகு அவரை 'ஐஸ்பெட்டி' என்று கூப்பிட்டார்களாம்.

ஒரு நாள் காற்றில் பொத்தான் கழன்று கோட் விரிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மனிதன் சோறு தின்னவில்லை. "ராணி, உள்ளுக்கை ஏதாவது கொளுவி விடேலாதோ? அவசரத்துக்கு நான் மட்டும் கழட்டுற மாதிரி?" அன்றைக்கே கொளுக்கிகளைத் தைத்துக் கொடுத்தாள். பாவாடைக்கு வைக்கிற கொளுக்கியில்லை. கன்வஸ் துணிக்கு வைக்கிறது. இரட்டை நூல்.

பழனிசாமி பாடி முடித்துக் கண்ணைத் துடைத்தபோது வாசல் மணி அடித்தது. கேதீஸ்வரன்தான் போய்த் திறந்தான். கறுப்புச் சட்டை போட்ட பருத்த பெண் ஒருத்தி, மூடிய தட்டோடு நின்றாள். கேதீஸ்வரன் அவளைக் கண்டதும் கதவைப் பாதியாகச் சாத்தினான்.

"ஆர் தம்பி?" என்றாள் யோகராணி.

"ஆரோ வீடு மாறி வந்திட்டினம்."

அந்தப் பெண் அவனுடைய கைக்குக் கீழே தலையை நுழைத்து, பெட்டியைப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டாள். வீடு மாறி வந்தவள் இல்லை.

யோகராணி அவளைக் கையில் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப் போனாள். கேதீஸ்வரன் பின்னாலேயே வந்தான். "அண்ணி, இப்ப வேண்டாம். நான் பிறகு எல்லாம் சொல்லுறன்."

"நீ காலமை சொன்னது காணும்."

பெண்ணின் பெயர் மரியா. லொன்ஸ்டேல் தெருவில் பொரித்த மீன் விற்கிற கிரேக்கக் கடை அவளுடையது. போலீசோடு வந்த கேதீஸ்வரனை அன்று கண்டவள், போலீசிடம் வீட்டை விசாரித்து வந்திருந்தாள். தட்டில் அவித்த கோதுமை, மேலே சீனி தூவியிருந்தது. செத்தவர்களுக்காகத் தங்கள் ஆட்கள் செய்வது என்றாள். அவளுடைய ஆங்கிலம் துண்டு துண்டாக வந்தது. போதாத இடத்தில் கையால் சொன்னாள்.

"என் கடை வாசல். அவர் சுவரைப் பிடிக்கிறார். பிறகு கீழே. நான் ஓடுகிறேன். காற்று வேண்டும் மிஸ்டர், காற்று! நான் கோட்டைத் திறக்கிறேன்." மரியா தன் சட்டையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து நெஞ்சில் இறுக்கிப் பிடித்துக் காட்டினாள். கை முட்டிகள் வெளுத்தன. "அவர் மூடுகிறார். நான் திறக்க, அவர் மூட. வேண்டாம் மேடம், பிளீஸ் மேடம் என்கிறார். மூச்சு இல்லை, ஆனால் பிளீஸ் என்கிறார். என்ன மனிதர்! பொத்தானைக் கழற்றினால் உள்ளே வேறு ஏதோ. கொளுவி இருக்கிறது. வரவில்லை. நான் இழுக்கிறேன், இழுக்கிறேன், கிழிகிறது."

"பிறகு?"

மரியா கேதீஸ்வரனைப் பார்த்தாள். அவன் குழாயைப் பார்த்தான்.

"பிறகு துவக்கு. என் புருஷன் கத்தினான். என்னைக் கையில் பிடித்து இழுத்துக் கடைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினான். தெருவில் எல்லாரும் ஓடினார்கள். கொள்ளைக்காரன் என்றார்கள். போலீஸ் வருமட்டும் ஒருவரும் போகவில்லை. போலீசும் முதலில் காருக்குப் பின்னால்தான் நின்றது."

"அவர் உயிரோடு இருந்தாரா? அப்போது?"

"நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன்." மரியா ஆம் என்று தலையை ஆட்டினாள். "அவர் கோட்டைத் திரும்ப மூடப் பார்த்துக்கொண்டிருந்தார்."

தொழிற்சாலைக் கார் அந்த நேரம் முழுக்க வங்கிக்குப் பின்னால், சந்துக்குள் அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றதாம். சாரதி வானொலியில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தானாம். இதைக் கேதீஸ்வரன் சொன்னான். இனி மறைத்து என்ன என்பது போல.

யோகராணி எழுந்து கையைக் கழுவினாள். ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பிரேத வண்டிக்காரர்கள் இரண்டு பேர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு," என்றாள் மகளிடம்.

"வெயிட், பிளீஸ்," என்றாள் கமலினி. அவள் குரல் அப்பாவுடையதைப் போல மரியாதையாக இருந்தது.

யோகராணி குனிந்து மண்ணிறக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். ஒவ்வொன்றாக. டையைத் தளர்த்தித் தலைக்கு மேலால் எடுத்தாள். சட்டையின் கழுத்துப் பொத்தான் இறுகி நின்றது. நகம் மடங்க மடங்க அதையும் கழற்றினாள். கோட்டின் இரண்டு பக்கத்தையும் நன்றாக அகலமாக விரித்துவிட்டாள். உள்ளே வெள்ளைச் சட்டை. அவருக்குப் பிடித்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்? மனுசனை இப்படியோ அனுப்புறது?" சத்தியபாமா பதறினாள்.

"வேர்க்கும்."

"என்ன?"

"அவருக்கு வேர்க்கும் அக்கா. திறந்து கிடக்கட்டும்."

பழனிசாமி அடுத்த பாட்டைத் தொடங்கப் போனவர் நிறுத்திவிட்டார். கேதீஸ்வரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஹார்லன் மட்டும், விரித்துக் கிடந்த கோட்டைப் பார்த்துவிட்டு, அறையில் இருந்தவர்களின் முகங்களை ஒருமுறை வேகமாகப் பார்த்தார்.

மூடியைப் போட்டார்கள். ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். கொள்ளி வைக்கக் கேதீஸ்வரன். பெண்கள் படியோடு நின்றார்கள். வண்டி ஸ்பிரிங்வேல் சுடலைப் பக்கம் திரும்பியது. சத்தியபாமா அழுகையை முடித்துக்கொண்டு வீடு கழுவ வாளி தேடிப் பின்னால் போனாள். மரியா கமலினியை அழைத்துப்போய்க் குசினியில் இருத்திக் கோதுமையை ஒரு கரண்டி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஹார்லன் போகவில்லை. முன்னறையில், பெட்டி இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு கிட்ட வந்தார்.

"மன்னிக்கவேண்டும், மிஸிஸ் தேவராஜா. நேரம் சரியில்லைதான். அந்தத் தோல் உறை, தோள்வார். அது கம்பனியுடையது."

அவள் பின்னறைக்குப் போய் எடுத்துவந்தாள். வார் தேவராஜாவின் தோளுக்கு வளைந்தபடியே இருந்தது. அதைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள்.

ஹார்லன் வாங்கிக்கொண்டார். இன்னும் நின்றார்.

"தேவ் ஒரு அருமையான மனிதர். ஒருவருக்கும், ஒருவருக்கும் தெரியவில்லை. கோட்டை நீங்கள்தான் தைத்துக் கொடுத்தீர்கள் என்று ஒருநாள் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "வியாழக்கிழமைக்கு ஒரு புது ஆளைப் போட்டிருக்கிறோம். மால்டாக்காரர். அவருடைய கோட் காரில் இருக்கிறது. அவசரம் இல்லை. உங்களால் முடிந்தால்."

யோகராணி அவரைப் பார்த்தாள். அவர் கெட்ட மனிதரைப் போல இல்லை. முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

"அந்தப் புது ஆளுக்குப் பிள்ளைகள் இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான் கேட்கவில்லை," என்றார் ஹார்லன்.

அவள் போய் வாசல் கதவை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வெக்கை உள்ளே அடித்தது. ஹார்லன் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, பொட்டலத்தோடு படியிறங்கினார்.

"கதவைச் சாத்திப்போடாதை பிள்ளை," பின்னாலிருந்து சத்தியபாமா சத்தம் போட்டாள். வாளியில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. "பிரேதம் போன வீடு. ஆம்பிளையள் திரும்பி வருமட்டும் திறந்து கிடக்கோணும்."

ஹார்லனுடைய கால் கடைசிப் படியைத் தாண்டியதும் யோகராணி கதவைச் சாத்தினாள். கதவில் தொங்கிய திறப்பை இரண்டு தரம் திருப்பிப் பூட்டினாள்.