கட்டைக்காடு இல்லாத வரைபடம்

வெற்றிலைக்கேணியில் இலங்கை ஆமி கடல்வழியாகக் கரையிறங்கிய அன்று, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாமென்று என் கணவரின் கூட்டாளி சபாரத்தினம் அண்ணை லண்டனில் எங்கள் மோர்டன் வீட்டுக்கு வந்தார். புலிகளின் முற்றுகைக்குள் கிடந்த ஆனையிறவு முகாமுக்கு ஆமி மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும் என்றார்கள் சிலர். கடலுக்குள்ளேயே திருப்பித் தள்ளப்படும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டும் நடக்கவில்லை. ஆமி மணலில் மாட்டிக்கொண்டது, சபாரத்தினம் அண்ணை என் சோபாவில் மாட்டிக்கொண்டார். தொண்ணூற்றியோராம் ஆண்டு ஆடி மாதம் முழுக்க இதே கூத்து.

சாப்பாட்டு மேசையில், மிஞ்சிய வால்பேப்பரின் பின்பக்கம் வரைபடமானது. முகாம், உப்பளம், மண் அணை எல்லாம் பென்சிலில் ஏறின. கறிக்கு உப்புக் காணுமா என்று சொல்லத் தெரியாத என் கணவர் ஞானரட்ணம், பீரங்கி எங்கே நிற்கவேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தங்கை றோஸ்மலர் வெற்றிலைக்கேணிக்கு அடுத்த ஊரான கட்டைக்காட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் நான் இவர்களுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தேன்.

"இதிலை கட்டைக்காடு எங்கை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்கை இப்ப சனமில்லை, தங்கச்சி," என்றார் சபாரத்தினம் அண்ணை, தலையைத் தூக்காமல்.

அப்போது ரெலிபோனில் ஒரு நம்பருக்கு அடித்தால் பதிவு செய்த போர்ச்செய்தி தமிழில் ஓடும். செய்தி மாறியிருக்குமோ என்று மாறி மாறி அடித்தார்கள். ஊரிலிருந்து யாராவது எடுத்தால் லைன் கிடைக்காதே என்று நான் சொன்னால், ஞானரட்ணம் கையைக் காட்டி என்னை அடக்குவார்.

ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட் ஈலிங்கிலிருந்து என் மச்சான் யாக்கோப்பு நேரிலேயே வந்துவிட்டார்.

"றோஸ்மலர் வவுனியாவிலையிருந்து எடுத்தவள். உங்கடை லைன் விடியத் தொடங்கி எங்கேஜாம். கடைசியா எனக்கு அடிச்சவள்."

"பிள்ளையள்?"

"பெரியவன் பக்கத்திலை நிண்டவன். சின்னவளைப் பற்றிக் கேக்க முந்தி லைன் அறுந்திட்டுது. உன்னோடைதான் கதைக்கவேணுமாம். திரும்ப எடுப்பன் எண்டவள்."

திரும்பிப் பார்த்தேன். றிசீவர் சபாரத்தினம் அண்ணையின் காதில் இருந்தது. பறித்து வைத்தேன். உடனே மணி அடித்தது.

"றோசா," என்றேன்.

"அக்கா, நான் ஹரோவிலையிருந்து. அண்ணை நிக்கிறாரோ? ஆனையிறவு என்ன மாதிரி?"

றிசீவரை வைத்துவிட்டு, கதிரையை இழுத்து ரெலிபோனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். நடையில் ஆண்கள் சத்தமில்லாமல் தங்கள் சப்பாத்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.