ரெஹேமாவுக்கு ஒரு குறை

கெமுன்டோவுக்குக் குறையில்லாத மனிதர்களைக் கண்டால் ஆகாது. கிசி ஊர்ச் சந்தைத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவள், ஏழு பேர் சேர்ந்து வாட்ஸப்பில் எழுதும் ஒரு கூட்டுக்கதைக்கு அட்மின். ஆளுக்கொரு பாத்திரம். அதை அவரவரே படைக்க வேண்டும். தன் முறை வரும்போது தன் பாத்திரம் என்ன செய்தது, என்ன பேசியது என்று எழுதிப் போட வேண்டும். புதிதாக யார் வந்தாலும் முதலில் ஒரு படிவம் நிரப்பி அவளிடம் காட்டியாக வேண்டும். பெயர், வயது, தொழில், ஆசை, பயம், கடைசியில் 'குறை'. குறை என்ற இடத்தைக் காலியாக விட்டவர் யாரும் அவளிடமிருந்து தப்பியதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் வேறொரு குரூப்பில் இருந்தாள். ஆறு பேர், ஆறு பேரும் மாவீரர்கள். ஒருவன் கத்தியால் குத்தினால் குத்து வாங்கியவன், "என் தோல் இரும்பு" என்பான். ஒரு மகாராணி எதிரே வந்த எல்லோரையும் அவர்களைக் கேட்காமலேயே தன் காலில் விழ வைத்தாள். மூன்றே வாரத்தில் கதை போய், அம்மா அப்பாவை இழுத்துத் திட்டிக்கொள்வதில் முடிந்தது. அந்த எரிச்சலில் கெமுன்டோ தன் குரூப்புக்கு மூன்று விதிகள் போட்டாள். குறையில்லாத பாத்திரத்துக்கு இடமில்லை. ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் தொடக்கூடாது. அந்தப் பாத்திரத்திடம் பேசலாம், அதன் பதிலை நீ எழுதக்கூடாது. முறை தவறக்கூடாது, ஆனால் முறை வந்தவருக்கு நான்கு நாள் வரை அவகாசம் உண்டு.

அவளிடம் ஒரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. படிவத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். வெபுயே ஊரில் பள்ளி வாத்தியாராக இருக்கும் பராசா கல்யாணமாகாத ஆள். அவன் பாத்திரத்துக்கு நான்கு பிள்ளைகள். கெமுன்டோவின் பாத்திரமோ படகோட்டி மூசா. அறுபது வயது, முன்கோபி, அவன் ஒரு அதட்டல் போட்டால் படகே கப்சிப். கடையில் நாள் முழுக்க, "ஏம்மா, சீக்கிரம் எடு" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் விரட்டுகிற ஒருத்தி வேறு யாரைப் படைப்பாள்? அவரவருக்கு இல்லாததைத்தான் அவரவர் பாத்திரத்தில் வைக்கிறார்கள் என்று அவளே புதியவர்களுக்குப் பாடம் எடுப்பாள். எடுத்தவள்தான் அபோண்டி விஷயத்தில் கோட்டை விட்டாள்.

அபோண்டி ரொங்கோ ஊர்ப் பெண், வயது பத்தொன்பது. கிசியிலிருந்து வேன் ஏறினால் ஒரு மணி நேரம்தான், ஆனாலும் கெமுன்டோ அவளைப் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்தே அபோண்டிக்குச் சிக்கில் செல் என்ற ரத்த நோய். மழை வந்தால், குளிர் பட்டால், கொஞ்சம் கூட நடந்துவிட்டால் எலும்பெல்லாம் வலி எடுக்கும். வருடத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். இதை அவள் குரூப்பில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கத்தான் அங்கே வந்தாள்.

அவள் அனுப்பிய முதல் படிவத்தில் இருந்தவள் ரெஹேமா. விடிந்ததும் ஏரியில் நீந்துவாள். இரண்டு தண்ணீர் டின்களைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவாள். சாயங்காலம் முழுக்க ஆடுவாள், மறுநாள் காலையில் ஒன்றும் ஆகாதவள்போல் எழுந்திருப்பாள். குறை என்ற இடத்தில், 'இல்லை.'

கெமுன்டோ அதைக் குரூப்பிலேயே போட்டு வாரினாள்.

"இது பொண்ணா, சத்து மாவு விளம்பரமா?"

"நீதிபதி அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க," என்றான் பராசா. "தங்கச்சி, ஒரு சொத்தைப் பல்லாவது வச்சு அனுப்பும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அபோண்டியும் ஒரு சிரிக்கிற முகம் போட்டாள். மறுநாள் இரண்டாவது படிவம் வந்தது: ரெஹேமாவுக்குப் பாம்பென்றால் பயம்.

"பாம்புக்கு யாருதான் பயப்படல? வலிக்கிற எடமா ஒண்ணு குடு. அது இல்லாம அவ மனுஷியே இல்ல."

மூன்றாவது படிவம் வர ஒரு வாரம் ஆயிற்று. 'ரெஹேமாவுக்கு எலும்பில் வலி வரும். சிறு வயதிலிருந்தே. முதலில் முழங்காலில் ஆரம்பிக்கும். பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. வரும்போது போர்வை பட்டால்கூடத் தாங்காது. வலியில்லாத நாளில் அடுத்தது எப்போது வரும் என்று காத்திருப்பாள்.'

"இப்பதான் ஆளு வந்திருக்கா," என்று கெமுன்டோ கைதட்டினாள். "ஏற்றுக்கொள்ளப்பட்டது."

அந்தப் பெண் நிம்மதியாக நடமாட வந்த ஒரே இடத்தையும் பிடுங்கிக்கொண்டு அவள் வலியையே அவள் கையில் திருப்பிக் கொடுத்த காரியம் அது. செய்தவளுக்குத் தெரியவில்லை. நல்லது செய்ததாகத்தான் அன்றைக்குச் சந்தோஷமாகச் சாப்பிடப் போனாள்.

அடுத்த ஐந்து மாதம் ரெஹேமாதான் கதையின் உயிர். மற்றவர்கள் பத்து வரி எழுதி வாங்காத பெயரை அபோண்டி இரண்டு வரியில் வாங்கினாள். "எப்பிடிம்மா கூடவே இருந்து பாத்த மாதிரி எழுதுற?" என்று பராசா ஒரு தடவை கேட்டான். "எங்கயோ படிச்சேண்ணே," என்றாள். சில சமயம் ஒரு வாரம் ஆளே காணாமல் போவாள். "நெட் இல்ல," என்பாள். கெமுன்டோ நம்பினாள். நெட் இல்லாமல் போவது அந்தப் பக்கம் புதிதா என்ன?

மே மாத மழையில் ஒரு நாள் அபோண்டி தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்.

"அக்கா, ரெஹேமாவுக்கு வலி போயிடணும். போகலாமா?"

"போகலாம். ஆனா மந்திரம் போட்ட மாதிரி போகக்கூடாது. அதுக்கு அவ பாடுபடணும்."

"எவ்ளோ நாள் ஆகும்?"

"ஒரு மாசமாவது. உனக்கென்னடி அவசரம்?"

"ஒண்ணுமில்லக்கா," என்று பதில் வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று: "அவளுக்கு வலியில்லாம ஒரு நாள் எழுதிப் பாக்கணும். ஒரு நாள் போதும்."

கெமுன்டோவும் மனம் வைத்து வழி செய்தாள். ஏரிக்கு நடுவே ஒரு தீவு, அங்கே ஒரு வெந்நீர் ஊற்று; அதில் இறங்கிக் குளித்தால் ரெஹேமாவின் வலி தீரும். அழைத்துப் போவது மூசாவின் படகு. எல்லோருக்கும் பிடித்திருந்தது. பராசாவின் பாத்திரம் நான்கு பிள்ளைகளோடு படகில் ஏறியது. ஒரு சுற்று முறை முடியப் பத்து நாள் பிடித்தது. இரண்டாவது சுற்றில் தீவு கண்ணுக்குத் தெரிந்தது.

அங்கேதான் கெமுன்டோவுக்கு ஆசை வந்தது. சட்டென்று கரை சேர்த்துவிட்டால் சப்பென்று போய்விடுமே! படிக்கிறவர்கள் கொஞ்சம் தவிக்க வேண்டாமா? தன் முறையில் மூசாவின் படகு இன்ஜினை நடு ஏரியில் நிறுத்திவிட்டாள். குரூப் குய்யோ முறையோ என்று கத்தியது. அவளுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

அபோண்டியின் முறை வந்தது. அவள் ஒரே வரி எழுதினாள்: 'ரெஹேமா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அப்பா, இன்னும் எவ்வளவு நேரம் என்று மூசாவிடம் கேட்டாள்.'

மற்றவர்கள் எழுதி முடித்து, வியாழக்கிழமை மறுபடி கெமுன்டோவின் முறை. மூசா இன்ஜினைக் கழற்றி, துடைத்து, கயிற்றை இழுத்து, படகு கிளம்பி, தீவில் போய் நிற்பது வரைக்கும் அன்று மத்தியானமே கடையில் உட்கார்ந்து எழுதிவிட்டாள். எழுதினதைப் போடவில்லை. நான்கு நாள் அவகாசம் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை போடலாம், அதுவரை ஊறட்டும் என்று வைத்துக்கொண்டாள். சாயங்காலம் அபோண்டியிடமிருந்து, "அக்கா, உங்க முறை," என்று வந்தது. "பொறுடி," என்று பதில் போட்டாள். வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் கடையில் நல்ல கூட்டம். அடையாள அட்டையை வைத்து ஒருவருக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அபோண்டியின் பெயர். செய்திதான் அனுப்புவாளே தவிர, அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கெமுன்டோ சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

"என்னடி, பொறுக்க முடியலையா? அழுதாலும் ஞாயித்துக்கிழமைதான்."

"நான் அவ அக்கா பேசறேன். அக்கேயோ." வேறு குரல். கரகரத்திருந்தது. "அபோண்டி நேத்து சாயங்காலம் போயிட்டா."

"எங்க போயிட்டா?" என்று கேட்டாள் கெமுன்டோ. கேட்ட பிறகுதான் புரிந்தது.

அக்கேயோ எல்லாவற்றையும் சொன்னாள். சிக்கில் செல் என்றாள். மே மாதத்திலிருந்து மூன்றாவது தடவை ஆஸ்பத்திரி என்றாள். இந்தத் தடவை வலி நெஞ்சுக்கு ஏறிவிட்டதென்றாள். முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. கெமுன்டோவுக்கு அந்த வரிசை மனப்பாடம். அவள்தான் அதற்குக் கைதட்டியவள்.

"உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. உங்களப் பத்திதான் எப்பவும் பேசுவா. கடைசி நாளு கையத் தூக்க முடியல அவளால. போன எடுத்துப் பாருக்கா, படகு கெளம்பிடுச்சான்னு பாருன்னா. பாத்தேன், ஒண்ணும் வரல. மறுபடி கேட்டா. மூணு தடவ பாத்தேன்." அக்கேயோ மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்ன படகு அது? கெளம்புச்சா இல்லையா?"

"ரெண்டு பக்கமும் எடுத்தாச்சாம்மா?" என்று அடையாள அட்டைக்காரர் கேட்டார்.

கெமுன்டோ அவரைப் பார்த்தாள். கிளம்பிவிட்டது என்று சொல்லிவிடலாம். சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? நாக்கு வரைக்கும் வந்தது.

"கெளம்பல," என்றாள். "அது என் முறை. நான் எழுதி வச்சிருந்தேன். வியாழக்கெழமையே எழுதிட்டேன். நான்தான் போடல."

"ஏன்?"

கதை சுவையாக இருக்க வேண்டும் என்று சொல்வதா?

"தெரியாம செஞ்சிட்டேன். எனக்குத் தெரியாதும்மா, அவ சொல்லவேயில்ல," என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

அக்கேயோ திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்போ இப்ப போடுங்க," என்றாள். "வீட்டுல எல்லாரும் கூடியிருக்காங்க. அம்மாவுக்கு அத வாசிச்சுக் காட்டணும். பொண்ணு கடைசியா கேட்டது என்னன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

குரூப்பில் செய்தி சொன்னதும் பராசா கூப்பிட்டான். "கெமுன்டோ, ரெஹேமாவைக் கரையில எறக்கிடு. ஊத்துல குளிச்சா, வலி போச்சுன்னு எழுதிடு. நாங்க யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டோம்," என்றான்.

"அவ என்னோட பாத்திரம் இல்லையே."

"விதியாவது மண்ணாவது! எழுதித் தொலையேன்."

எழுதத்தான் பார்த்தாள். 'ரெஹேமா படகிலிருந்து இறங்கினாள்' என்று ஆரம்பித்தாள். எப்படி இறங்கினாள்? குதித்தாளா, மெதுவாகக் கால் வைத்தாளா? வலியில்லாத முதல் அடி எப்படி இருக்கும் என்று அபோண்டி ஐந்து மாதமாக யோசித்து வைத்திருப்பாள். கெமுன்டோவுக்கு என்ன தெரியும், நாளெல்லாம் அப்படித்தானே நடக்கிறாள்? ஏற்கனவே ஒரு தடவை அந்தப் பெண்ணின் பாத்திரத்தைப் பிடுங்கித் தன் இஷ்டத்துக்குத் திருத்தியாயிற்று. இரண்டாவது தடவை கை வரவில்லை. அழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள்.

வியாழக்கிழமை எழுதியதையே எடுத்துப் போட்டாள். மூசா இன்ஜினைத் துடைத்தான். கயிற்றை இழுத்தான். படகு கிளம்பியது. தீவு வந்தது. மூசா பலகையை இறக்கிப் போட்டு, தண்ணீரில் நின்று அதை ஆடாமல் பிடித்துக்கொண்டான். 'இறங்கும்மா' என்றான்.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது. அக்கேயோ ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போலிருக்கிறது. நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ சாய் ஊற்றச் சொல்வது, தூரத்தில் பெண்களின் அழுகை, எல்லாம் கேட்டது. அக்கேயோ மூசாவின் வரிகளை ஒவ்வொன்றாகத் தங்கள் பாஷையில் சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வயதான குரல் ஒன்று நடுநடுவே "ம்" கொட்டியது. பலகையைப் பிடித்துக்கொண்டான் என்ற இடத்தில் அக்கேயோ நின்றாள்.

"அம்மா கேக்கறாங்க, அந்தப் பொண்ணு எறங்கினாளான்னு. மிச்சம் எங்க, அக்கா? இதோட நின்னுடுச்சே."

"அவ்ளோதாம்மா," என்றாள் கெமுன்டோ. "அதுக்கு மேல நான் எழுதக்கூடாது. அடுத்தது அபோண்டி முறை."

அக்கேயோ அதையும் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பிறகு அந்தத் தாய், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிறவள்போலச் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள், போகப் போகத்தான் குரல் உடைந்தது.

"அபோண்டி, உன் மொறையாம்டி. எல்லாரும் காத்திருக்காங்க. எந்திரி. எந்திரிடி என் தாயே, உன் மொறையாம்."